மலையில் கற்றது அடிவாரத்தில் உதவவில்லை

கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள தாண்டிக்குடிக்குச் சற்றுக் கீழே, காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவில் இருந்த எங்கள் பழைய வீட்டில் 8 ஆண்டுகள் கோழி வளர்த்தேன். மாமனாருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் போனதால், சென்ற ஆண்டு மாசி மாதத்தில் அடிவாரத்து அய்யம்பாளையத்தில் எங்களுக்கு இருந்த சிறு தென்னந்தோப்பு வீட்டுக்குக் குடும்பத்தோடு இறங்கினோம். கோழிகளை விட்டுவர மனமில்லாமல் 14 கோழிகளையும் பஞ்சாரங்களில் அடைத்து, பிரித்த கோழிக்கொட்டகையின் தகரங்களோடு ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சித்திரை முடிவதற்குள் அவற்றில் 5 கோழிகளைத் தென்னை மரத்தடியில் புதைத்தேன். ஒன்றைக்கூட நோய் கொல்லவில்லை. கீரியோ மரநாயோ தூக்கிச் செல்லவும் இல்லை. எந்தப் பழக்கங்களால் மலையில் அவற்றை உயிரோடு வைத்திருந்தேனோ, அதே பழக்கங்களால்தான் அடிவாரத்தில் அவற்றைக் கொன்றேன்.

மலையில் எனக்கு எதிரி குளிரும் ஈரமும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி இறங்கினால் நாள் கணக்கில் விலகாது. தரை ஈரமாக இருந்தால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்துவிடும் என்பதால், கொட்டகைத் தரையில் ஆறு அங்குலத்துக்குக் காப்பித் தோலைப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுவேன். கொட்டகையின் உயரம் நான்கடிதான்; மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருப்பேன். பகலில் தகரத்தில் ஏறும் சூடு முன்னிரவு வரையிலாவது உள்ளே தங்கட்டும் என்பதுதான் கணக்கு. மதியம் ஒரு கை கம்பும் சோளமும் தவறாமல் போடுவேன், ஏனென்றால் இரை செரிக்கும்போது உண்டாகும் சூடு கோழிக்கு உள்ளே எரியும் அடுப்பு மாதிரி. அய்யம்பாளையம் வந்து சேர்ந்ததும் அதே தகரத்தை அதே நான்கடி உயரத்தில் பூட்டி, மரநாய்க்குப் பயந்து தார்ப்பாயையும் முன்பைவிட இறுக்கமாகவே கட்டினேன். மாசி மாதத்தில் அதில் தவறு எதுவும் தெரியவில்லை. அடிவாரத்திலும் மாசிப் பின்னிரவு குளிராகத்தான் இருந்தது.

பங்குனி பாதிக்கு மேல் ஒரு பிற்பகல், இரண்டரை மணி இருக்கும். பெயரிலேயே மலையைச் சுமக்கும் கிரிராஜா இனத்துப் பெட்டை ஒன்று கொட்டகையின் மூலையில் நின்றுகொண்டிருந்தது. பெங்களூரில் உருவாக்கப்பட்ட இனம். என்னிடம் இருந்த அந்தக் கோழி மூன்றரைக் கிலோ எடை, அதைத் தூக்கிக் காட்டி நான் பெருமை பேசாத விருந்தாளி இல்லை. இரண்டு கைகளிலும் தண்ணீர்க் குடம் தூக்கிச் செல்பவர்போல இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தது. அலகு திறந்திருந்தது, தொண்டைத் தோல் துடித்துக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: பத்து நொடியில் முப்பது மூச்சுக்கு மேல் வந்தது. தண்ணீர் வைத்தேன், அலகை நனைத்துவிட்டு விட்டுவிட்டது. பிளாஸ்டிக் தொட்டியில் இருந்த அந்தத் தண்ணீரில் நானே விரலை வைத்துப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது; அது குளிக்கும் வெந்நீரின் பதத்தில் இருந்திருக்கிறது. கொண்டை கருநீலமாக மாறி, கால் மடங்கி, பத்து நிமிடத்தில் உயிர் போய்விட்டது. கையில் எடுத்தபோது உடம்பு காய்ச்சல்காரர் உடம்புபோல் கொதித்தது.

அன்று மாலையே ஊரில், "சீக்கு வந்துருச்சு, மத்ததையும் வித்துரு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோடைத் தொடக்கத்தில் கோழி செத்தால் எல்லோர் மனத்திலும் முதலில் வருவது வெள்ளைக் கழிச்சல்தான். அந்தப் பயம் நியாயமானதும்கூட. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926இல் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ராணிகேத்தில் 1927இல் தலைகாட்டியதால் நம் நாட்டில் அதற்கு ராணிகேத் என்று பெயர். ஆனால் கழிச்சல் என்றால் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் உறக்கம் பிடித்ததுபோல் குறுகி உட்காரும், ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும். என் கோழி காலையில் நன்றாக மேய்ந்தது. கூட்டத்திலேயே கொழுத்ததும் அதுதான். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் தடுப்பூசி முகாமில், மலையிலிருந்து இறங்கும் முன்பே எல்லாக் கோழிகளுக்கும் ஊசி போட்டிருந்தேன். நல்ல எடையுள்ள கோழி பிற்பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் வாயைப் பிளந்துகொண்டு செத்தால், பார்க்க வேண்டியது கூரையை. நான் கூரையைப் பார்ப்பதற்குள் இரண்டாவது கிரிராஜாவும் போய்விட்டது.

கூரையைப் பார்க்கச் சொன்னது பக்கத்துத் தோப்பு அப்பத்தா. அவருக்கு எத்தனை வயது என்று அவருக்கே தெரியாது. சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி வளர்ப்பதில் அவரிடம் தெரிந்துகொள்ள வேண்டாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. உள்ளே குனிந்து தகரத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். "தோசைக்கல்லுக்கு அடியில கோழியைக் குடி வச்சிருக்கியே தாயி" என்றார். அன்று மாமனாரின் அறையில் தொங்கிய வெப்பமானியைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் கட்டினேன். வெளியே வேப்பமர நிழலில் 37 டிகிரி காட்டியது, உள்ளே 42 காட்டியது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது இரவு பத்து மணிக்கு எடுத்த அளவு. வெளியே காற்று வீசத் தொடங்கி 29க்கு இறங்கியிருக்க, தார்ப்பாய்க்குள் இன்னும் 34 இருந்தது.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதற்குக் கோழியின் உடம்பைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். கோழியின் இயல்பான உடல்வெப்பம் 41 டிகிரிக்கு மேல். நம்மைவிட நான்கு டிகிரிக்கும் கூடுதல். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சுற்றியுள்ள காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடியில் உள்ள வெற்றுத் தோல் ஆகியவற்றின் வழியாகச் சூடு தானாக வெளியேறும். காற்றின் வெப்பம் 30ஐத் தாண்டும்போது அந்த வழி அடைபடத் தொடங்குகிறது. 40ஐ நெருங்கினால் முழுவதும் அடைபட்டுவிடும். பிறகு மிஞ்சுவது மூச்சிரைப்பு ஒன்றுதான்: தொண்டையிலும் மூச்சுப்பைகளிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை வெளியே தள்ளுவது. கனத்த கோழிக்கு எடைக்கேற்ற தோற்பரப்பு குறைவு, சதையில் உண்டாகும் சூடோ அதிகம். அதனால்தான் மூன்றரைக் கிலோ கிரிராஜா முதலில் விழுந்தது, ஒன்றேகால் கிலோ சிறுவிடை அதே கொட்டகையில் தப்பித்தது. எந்த இனம் சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இப்போது ஊரின் பெயரைத் திருப்பிக் கேட்கிறேன். இறைச்சி எடைக்காகக் கிரிராஜாவோ வனராஜாவோ மலையில் வளர்க்கலாம். அடிவாரத்துத் தகரக் கொட்டகையில் அவற்றை வைப்பவர் கோடையில் தினமும் பிற்பகல் வீட்டில் இருக்க வேண்டும்.

இரவு அளவு என்னைத் திடுக்கிட வைத்ததற்குக் காரணம் உண்டு. பகலில் உடம்பில் சேர்ந்த சூட்டைக் கோழி இரவில்தான் இறக்கி வைக்கிறது. இரவும் புழுக்கமாக இருந்தால் நேற்றைய பாக்கியோடு இன்றைய வெயிலுக்குள் இறங்குகிறது. மூன்று நான்கு நாள் அப்படித் தொடர்ந்தால், வழக்கமான ஒரு பிற்பகலே அதைச் சாய்த்துவிடும். என் கோழிகள் வேறொரு வகையிலும் ஏமாந்திருந்தன. வெயில் மெல்ல மெல்ல ஏறும் ஊரில் பிறந்து வளர்ந்த கோழியின் உடம்பு சில வாரங்களில் அதற்குப் பழகிவிடும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி கூடும். அந்த வித்தியாசத்தை என் கோழிகள் ஒரே நாள் வண்டிப் பயணத்தில், மலைக்குளிருக்கு வளர்த்த அடர்ந்த இறகோடு கடந்து வந்திருந்தன. ஐப்பசியில் இறங்கியிருந்தால் கோடைக்குள் பழகியிருக்கும் என்று இப்போது சொல்வது எளிது.

மாற்றங்களைச் செய்ய ஒரு வாரம் பிடித்தது. கொட்டகையை ஏழடிக்கு உயர்த்தினோம். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையும்படி திருப்பினோம், அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தோம். அந்த இடைவெளிதான் முக்கியம். கீற்றைத் தகரத்தோடு ஒட்டி வைத்தால் நிழல் மட்டும் கிடைக்கும், இடையே காற்று ஓடாது. தார்ப்பாய் முழுவதையும் அவிழ்த்து மடித்து, அதன் இடத்தில் நான்கு பக்கமும் கம்பி வலை அடித்தோம். தரையில் இருந்த காப்பித் தோலை இரண்டு அங்குலத்துக்குக் குறைத்தோம், ஏனென்றால் எச்சத்தோடு சேர்ந்து மக்கும் கெட்டியான படுக்கையும் சூட்டை விடும். வேலை முடிந்த மறுநாள் பிற்பகல் உள்ளே 37; இரவு பத்து மணிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு. மரநாய் அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு முறை வலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இரை போடும் நேரத்தை மாற்றத்தான் எனக்கு மனம் வரவில்லை. பசியோடு ஒரு உயிரை மதியம் முழுவதும் விட்டுவைப்பது கொடுமை என்று தோன்றியது. அப்போது நினைவுக்கு வந்தது மலைவீட்டுப் பின்புறச் சரிவில் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழி. விடியலிலும் அந்தியிலும்தான் அது காப்பிச் செடிகளின் ஓரத்துக்கு வந்து கிளறும். உச்சிவெயிலில் அதன் கரகரத்த கூவல்கூடக் கேட்காது. (நம் வீட்டுக்கோழிகளின் மஞ்சள்நிறக் காலுக்கான மரபணு செம்பழுப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, தென்னாட்டுக்கே உரிய இந்தச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கலப்பால் வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது. அதைப் படித்த நாள் முதல் எனக்கு அதன் மேல் ஒரு சொந்தம்.) தின்ற இரையின் சூடு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், பதினொரு மணிக்குக் கம்பு போடுவது பிற்பகல் இரண்டரைக்கு அடுப்பை மூட்டுவதற்குச் சமம். இப்போது காலை ஐந்தரைக்கு முதல் இரை. ஒன்பது மணிக்குள் தட்டுகளை எடுத்துவிடுவேன். மாலை ஐந்தரைக்கு அடுத்த இரை. நடுவில் தோட்டத்துக் கீரையும் தர்ப்பூசணித் தோலும் நிழலில் கிடக்கும், வேண்டியது கொத்திக்கொள்ளும். முதல் நாள் மாலை பழைய சட்டியில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைச் சருகும் திணித்துத் தண்ணீர் தெளித்து மண்ணில் கவிழ்த்து வைத்தால், விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அந்தச் சட்டியைத் திறக்கும் நேரத்தில் கோழிகள் என் காலைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தால், அவை மதியம் பட்டினி கிடப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கோழிக்கான தண்ணீர்ச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மலையில் 14 கோழிகளுக்கு மூன்று லிட்டர் போதும். அடிவாரத்தில் 9 கோழிகள் நாலரை லிட்டர் குடித்தன. குளிர்நாளில் தின்னும் இரையைப் போல் இரு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும் கோழி, கடும் வெயிலில் நான்கு மடங்குக்குப் போகும். ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் தாகத்தோடு நிற்குமே தவிரக் குடிக்காது. பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அகலமான மண்சட்டிகளை மூன்று இடங்களில் நிழலில் வைத்து, பகலில் நான்கு முறை மாற்றுகிறேன். ஒரே இடத்தில் வைத்தால் அடங்கிப்போகும் கோழிகளைச் சேவல் நெருங்க விடாது. கடும் வெயில் நாட்களில் கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் எலெக்ட்ரோலைட் என்ற உப்புச்சத்துத் தூளைக் காலைத் தண்ணீரில் மட்டும் கலக்கிறேன். மாலையில் வெறும் தண்ணீர்தான். வேப்பமரத்தடியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு குழியை ஈரப்படுத்தி வைத்திருக்கிறேன். உச்சிவேளையில் அதைக் கிளறி, அடிமண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்துவிடுகின்றன.

ஈரச்சாக்கு விஷயத்தில் மட்டும் நான் ஏமாந்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். வலையின் மேல் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் உள்ளே மூன்று டிகிரி குறைந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை, மலைப்பக்கம் கருமேகம் திரண்டு, காற்று ஓர் இலையையும் அசைக்காமல் நின்றது. வெப்பமானி 35தான் காட்டியது. இறுக்கமாக இருக்கிறதே என்று நான்கு பக்கமும் சாக்கைக் கட்டி நிறையத் தண்ணீர் தெளித்தேன். ஏற்கெனவே ஈரம் நிரம்பிய காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்து, வீசிய கொஞ்சக் காற்றையும் சாக்கால் மறித்துவிட்டேன். ஆவியாவதற்கு இடமில்லாத காற்றில் மூச்சிரைத்து என்ன பயன்? மழை வருவதற்குள் ஒரு பெட்டையும், பெருவிடைச் சேவலும், இரவில் இன்னொரு பெட்டையும் போயின. வறண்ட காற்று வீசும் பகலில் ஈரச்சாக்கு உயிர் காக்கும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சாக்கை அவிழ்த்துவிட்டு, மின்விசிறியை வைப்பதுதான் வழி. நான்காவதாக ஒன்று சாயத் தொடங்கியபோது அப்பத்தா அதைப் பிடுங்கி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய வாளியில் கழுத்துவரை அமிழ்த்திப் பிடித்துக்கொண்டார். ஐஸ் தண்ணீர் கூடாது என்று அதட்டினார். கால் மணி நேரத்தில் அது தலையை உதறியது. அந்தச் சிவப்புப் பெட்டை இப்போதும் இருக்கிறது, வாளியைக் கண்டால் ஓடுகிறது.

சாவு நின்ற பிறகு முட்டையில் பிரச்சினை தொடங்கியது. கூடையிலிருந்து எடுத்த முட்டை ஒன்று, விரலின் அழுத்தத்துக்கே அப்பளம்போல் உள்ளே அமுங்கியது. கிளிஞ்சல் தூள் எப்போதும் வைத்திருந்தேன். சுண்ணாம்புச் சத்துக் குறைவு இல்லை. இரைக்க இரைக்கக் கோழியின் இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட் என்பதால், கால்சியம் இருந்தும் அதோடு சேர வேண்டிய மறுபாதி போதாமல் போகிறது. மூச்சிரைப்பு குறைந்தால் ஓடு கெட்டிப்படும். அடை வைத்ததும் தோற்றது. சித்திரையில் 11 முட்டை வைத்து, 21ஆம் நாள் மூன்று குஞ்சுகள்தான் வந்தன, மற்றவை கூமுட்டை. "சித்திரையில யாராச்சும் அடை வைப்பாகளா" என்று அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: இட்ட முட்டையில் உள்ள கரு சுமார் 20 டிகிரிக்குக் கீழே உறங்கும், அறையின் வெப்பம் 27ஐத் தாண்டினால் தாய்க்கோழி உட்காரும் முன்பே அரைகுறையாக வளரத் தொடங்கி, வழியிலேயே செத்துவிடும். பானையில் ஈரமணல் நிரப்பி, அதன் மேல் முட்டைகளை அடுக்கி, நனைந்த துணியால் மூடி வைத்தால் ஓரளவு காப்பாற்றலாம். ஓரளவுதான்.

ஆகவே இந்த ஆண்டு வேறு ஏற்பாடு செய்தேன். மலைவீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாத்தனாரிடம் அடைக்கோழி உண்டு. இட்ட இரண்டு நாளுக்குள் முட்டைகளைக் காப்பித் தோல் நிரப்பிய கூடையில் கூர்முனை கீழாக அடுக்கி, விடியற்காலை வண்டியில், வெயில் ஏறுவதற்கு முன் தடியன்குடிசை தாண்டும்படி அனுப்பிவிடுகிறேன். முதல் கூடையில் 12 முட்டைகள் சென்றன. 9 குஞ்சுகள் பொரித்தன. ஆடிக்காற்று அடங்கி, அடிவாரத்தில் வெயில் தணிந்த பிறகு அவை இங்கே இறங்கும், அடுத்த கோடைக்குள் பழகிக்கொள்ள ஏழு மாதம் கிடைக்கும். நேற்று நாத்தனார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணி, இங்க நாலு நாளா மூடுபனி, குஞ்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுக்குது, பல்பு போட்டும் பத்தல" என்றார். பரணில் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை எடுத்து உதறி, இன்று காலை வண்டியில் முட்டைக்கூடையோடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டேன்.